யாரு நிறுத்துனது?

திரும்பி வரும்போது ஊருக்கு என்ன கொண்டு வருவீர்கள் என்பது விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். நாத்தனார் கொஞ்சமும் யோசிக்காமல் சாக்லேட், சென்ட், நல்ல சோப்பு என்று பட்டியல் போட்டாள். இவளுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதையே கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் கெடுதல் வந்திருக்காது.

அப்போது நான் ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். இதே தொழில் வெளிநாட்டில் எப்படி நடக்கிறது என்று பார்த்து வந்து இங்கே செய்துகாட்டுகிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை பயணச் செலவு கொடுத்தது. என்னைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்ததும் கால் தரையில் பாவவில்லை. மூன்று வாரம் போர்ச்சுகலில் ஊர் ஊராகப் போய் ஷூ கம்பெனிகளைப் பார்த்தேன்.

அதில் ஒன்றில், என் கண் முன்னால், வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சிவப்பு ஸ்விட்சை அழுத்தினாள். ஷூக்கள் நகர்ந்து வரும் பெல்ட் மொத்தமும் நின்றுவிட்டது. மேனேஜர் வந்தார். என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார், யார் என்று கேட்கவில்லை. தையல் பிசகியிருந்த இடத்தை அவள் காட்டினாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கம்பெனியில் பெல்ட்டை நிறுத்தும் அதிகாரம் மேனேஜருக்கு மட்டும்தான். இதைத்தான் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலாளி சம்மதித்தார். பெரிய செலவில்லை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் காட்டலாம் என்று அவருக்கு எண்ணம். பெல்ட் நெடுகச் சிவப்பு ஸ்விட்ச் வந்தது. பெண்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். இன்னா ஆச்சுன்னுதான் கேப்பாங்க, யாருன்னு கேக்க மாட்டாங்க, நான் இருக்கேன் என்று தைரியத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்ளப் போவது நானில்லை, அதனால் கை தாராளமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் வரை யாரும் அதைத் தொடவில்லை. அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்பும் நாள் நெருங்க நெருங்க எனக்கு எரிச்சல் வந்தது. சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று இந்தப் பெண்கள் மேலேயே கோபப்பட்டேன். சோல் ஒட்டும் இடத்தில், திமிரிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வரும் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் மேடம் என்றால் அவள் மட்டும் என்னை அக்கா என்பாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள். அவளை ஸ்விட்ச் மேல் விரல் வைக்கச் சொல்லி, கையை மட்டும் படம் எடுத்தேன். கண்ணாடி வளையல், கட்டைவிரலில் காய்ந்த பசை. நீதான் ஆரம்பித்து வைக்க வேண்டும் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன்.

அவள் ஆரம்பித்து வைத்தாள். அன்று மாலை கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். நான் ஆபீசில் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. எங்கள் வேலையில் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். நின்றால்தான் திரும்புவோம். மேனேஜர் எழுவதற்குள் நான் ஓடினேன். உள்ளே நுழைந்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை இதுதான்:

"யாரு நிறுத்துனது?"

அவள் எழுந்து நின்றாள். கையில் இருந்த ஷூவின் சோலைக் கட்டைவிரலால் நெம்பினாள். தோசை கல்லை விட்டு எழும்புவதுபோல அப்படியே வந்துவிட்டது. புது டிரம்மில் வந்த பசை ஒட்டவேயில்லை. அவள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. ஆனால் மேனேஜர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தக் கூடாதா?" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். மேனேஜருக்கு நான் வேலையே வைக்கவில்லை.

டிரம்மை மாற்றி, ஒட்டியதையெல்லாம் பிரித்து ஒட்டி, மறுநாள் கண்டெய்னர் போனது. ஒரு ஜோடிகூடத் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஆள் ஜாஸ்தி என்று வேலையை விட்டு நிறுத்தப்போகிறவர்களின் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. நான் போய்ப் பேசியிருந்தால் அவள் பெயரை எடுத்திருப்பார்களோ என்னவோ. நான் பேசவில்லை. பேசினால், எல்லாம் உன் வெளிநாட்டு ஸ்விட்சால் வந்த வினை என்று அதைக் கழற்றிவிடுவார்கள், அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். என் வேலைக்குப் பயந்தேன் என்று சொன்னாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும். நான் பயந்தது அறிக்கைக்கு.

கடைசி நாள் வேனில் ஏறும்போது, "நான் பெல்ட்ட நிறுத்துனேன், அவங்க என்னை நிறுத்திட்டாங்க" என்று அவள் சொல்ல, மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பிறகு எங்கள் கம்பெனியில் எவரும் அந்த ஸ்விட்சைத் தொடவில்லை. அறிக்கை அருமை என்று அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. இப்போது விண்ணப்பிக்கிறவர்களுக்கு அவர்கள் அனுப்பும் புத்தகத்தின் அட்டையில் இருப்பது அவள் கைதான்.

போன மாதம், புதிதாகப் பயணம் போகிறவர்களிடம் அனுபவத்தைச் சொல்ல என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குக் கட்டிக்கொள்ள வேலூரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புடவை வாங்கப் போனேன். பருத்திப் புடவைகளுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். "வாங்க மேடம்" என்றாள். கடைக்கு வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டாள். சொன்னேன். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். குத்திக் காட்டுகிற குரலே இல்லை.

"அங்க ஒரு லேடி ஸ்விட்ச அமுக்குனாங்கன்னு சொல்வீங்களே மேடம். அவங்க இன்னும் அங்கதான் வேலை செய்றாங்களா?"

"செய்றாங்க" என்றேன்.

"நல்லாருக்கட்டும்" என்று சொல்லி, புடவையை மடித்து பில்லுக்கு அனுப்பினாள்.

எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனியில் நான் இருந்தது ஒரே ஒரு பகல். மேனேஜர் நன்றி சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு மாலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். அந்தப் பெண் மறுநாள் வேலைக்கு வந்தாளா என்று பார்க்க நான் அங்கே இல்லை.