கோதண்டபாணி என்கிற கிருபானந்தம்

தோல் வியாபாரி ஆபித் பாஷாவிடம் கிருபானந்தம் இரண்டாயிரம் ரூபாய் கடன் பட்டிருந்தார். அது 1959. கடன் பத்திரம் இல்லை, வட்டி இல்லை. அணைக்கட்டு கிராமத்திலிருந்து மூன்றாம் வகுப்போடு வந்து தோல் கழுவிக்கொண்டிருந்த ஒருவனை நம்பி, ஆம்பூரில் வேறு யார் அப்படிக் கொடுப்பார்கள்? அந்தப் பணத்தில்தான் ரயில்வே கேட் பக்கம் மனை வாங்கினார். நாலே வருஷத்தில் கடனை அடைத்தார். பிறகு அவர் ஏறிய ஏற்றத்தைச் சொல்ல ஒரு நாள் போதாது. சொந்தத் தோல் மண்டி, மனையில் வரிசையாகக் கடைகள், வாசலில் அம்பாசிடர். ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து அவர் ஒரு விலை சொன்னால் மெட்ராஸ் ஏஜெண்டுகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

1983இல் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தோல் வேலைக்காரர்களின் பெண்பிள்ளைகளை நர்ஸ் படிக்க வைக்க வேண்டும். முதலில் பொன்மலர். அவள் அம்மா கமலம் மண்டியில் தோலுக்கு உப்புப் போடுகிறவள், புருஷன் இல்லை. பணத்தை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"முதலாளி கையால வாங்கினா ஊரு நாலு விதமா பேசும்ங்கய்யா. டிரஸ்டு கிஸ்டுன்னு ஒண்ணு இருந்து குடுத்தா வாங்கிக்கிறேன்."

பீஸ் கட்ட ஒரு மாதம்தான் இருந்தது. கிருபானந்தம் கடைகளை டிரஸ்டுக்கு எழுதிவைக்கத் துணிந்து, வேலூர் லாங் பஜாரில் நோட்டரி வக்கீல் இருதயராஜிடம் போனார். வக்கீல் மனைப் பத்திரத்தைப் புரட்டினார்.

"சொத்து கோதண்டபாணி பேர்ல இருக்குதே. யாரு அவரு?"

"நான்தான் சார். மனை வாங்கி மூணு வருஷத்துல டைபாய்டு வந்து மிஷன் ஆஸ்பத்திரியில கெடந்தேன். பொழச்சா ஞானஸ்நானம் எடுத்துக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். பொழச்சேன், பேரு மாறிச்சு."

"கெஜட்ல போட்டீங்களா?"

"கோயில் ரிஜிஸ்டர்ல போட்டாங்க."

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்போ கோதண்டபாணியும் கையெழுத்துப் போடணும்."

"கிருபானந்தம்னா குடியாத்தம் வரைக்கும் தெரியும் சார். கோதண்டபாணிய எவனுக்குத் தெரியும்?"

"சர்க்காருக்குத் தெரியும். கிருபானந்தம் மட்டும் எழுதிக் குடுத்தா, அடுத்தவன் சொத்த எழுதிக் குடுத்த கணக்கு. நாளைக்கு எவனாச்சும் கேஸ் போட்டா டிரஸ்ட் காலி."

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று பிரமாணப் பத்திரம் வேண்டும். இரண்டு பெயரிலும் அவரை அறிந்த சாட்சி வேண்டும். கிருபானந்தத்தின் பழைய காலத்தை அறிந்தவர்களில் மிஞ்சியிருந்தவர் ஆபித் பாஷாதான். மனைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் அவருடையது.

இடுப்பு வலியோடு பாய் மறுநாளே வந்தார். படியில், குமாஸ்தாக்கள் பார்க்க, "மெதுவாடா கோதண்டம், உன் ஜோருக்கு என்னால ஏற முடியல" என்றார். கிருபானந்தத்தை 'டா' போட்டுக் கூப்பிட ஊரில் வேறு ஆள் கிடையாது. வேறொரு நாளென்றால் முகம் கறுத்திருக்கும். அன்று அவர் பாயின் கையைப் பிடித்துப் படிப்படியாக ஏற்றினார்.

"இவர எப்பலேருந்து தெரியும் பாய்?" என்றார் வக்கீல்.

"தோல் கழுவறேன்னு என் சரக்க கிழிச்ச நாள்லேருந்து."

"அத எழுத வேணாம் சார்" என்றார் கிருபானந்தம்.

"காய்ச்சல்ல கெடந்தப்போ ஜட்காவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனதும் நான்தான். கோதண்டபாணியா கொண்டுபோனேன், கிருபானந்தமா திருப்பிக் குடுத்தாங்க. ஆளு ஒண்ணுதான். ஜாஸ்தி பேசறதுல மாத்தமே இல்ல."

பாய் கையெழுத்திட்டார். 'கோதண்டபாணி என்கிற கிருபானந்தம்' என்று முழுசாக, பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி எழுதச் சொன்னார் வக்கீல். எத்தனையோ லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்ட விரல்கள் பழைய பெயரில் திக்கித் திக்கி நடந்தன. எழுதி முடித்ததும் பாயைப் பார்த்தார். கண் கலங்கியது. கடனை அடைத்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாரே.

முத்திரை விழுந்தது. அந்த வாரமே பத்திரம் ரிஜிஸ்டர் ஆயிற்று. ஆபித் பாஷாவே முதல் டிரஸ்டி.

பீஸ் கெடுவுக்கு முன்பே கடை வாடகை வந்தது. மண்டி வாசலில், எல்லோரும் பார்க்க, பாய் நோட்டுக்கட்டைப் பிரித்தார்.

"டிரஸ்ட் பணம்தானே பாய்?" என்றாள் கமலம்.

"கோதண்டம் பணமும் இல்ல, என் பணமும் இல்ல. புடிம்மா."

அவள் உப்புக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரித்தாள். பாய் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.