பக்கத்து சீட்டுக்காரர்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் பஞ்சு மாஸ்டர். வைத்தது நான்தான். ஆள் தடித்த கழுத்தும் முறுக்கிய மீசையுமாக, பார்த்தால் சண்டைக்கு வந்தவர் மாதிரி இருப்பார். ஆனால் கார் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், குரல் பஞ்சாகிவிடும். கியரைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி இழுத்தாலும், சாக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும், "ஒண்ணும் ஆகல. மெதுவா. நான் இருக்கேன்ல?" என்பார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. தொட்டதே தெரியாமல் அதைத் தொடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களும் வேர்த்து விறுவிறுத்த பெரிய மனிதர்களும் அவர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். நானும் அங்கே மாஸ்டர்தான். என்னிடம் யாரும் அடம்பிடித்து வந்ததில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சின்ன வயதில் லாரி ஓட்டியவர். மகள் பிறந்ததும், மாதக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காத பிழைப்பு என்ன பிழைப்பு என்று விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு பேரும் ஓடாய்த் தேய்ந்தது அந்த ஒரே பெண்ணுக்காகத்தான். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டில் பஞ்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது. என் வீடு அவர் வீட்டை ஒட்டின வீடு. சாயங்காலம் அவர் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால், உள்ளே மகள் தன் அறைக் கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்கும். "படிக்கிறா" என்பார் பெருமையாக. படிக்கிறாளாவது! நகத்தையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடப்பாள். பரீட்சை நாள் காலையில் வாந்தி எடுப்பாள், மூச்சு முட்டுகிறது என்பாள். டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, மனசில்தான் பயம், உட்கார்ந்து பேசுங்கள் என்றார். இவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டார். எல்லாம் அந்த ஃபோன் பண்ற வேலை. உனக்கு இங்க என்ன குறை வச்சோம்?" என்று ஒரு பாட்டம் கத்தினார்.

அதற்கப்புறம் எது கேட்டாலும் அவள், "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். வீடு அமைதியானது. பிள்ளை சரியாகிவிட்டாள் என்று இந்த மனுஷன் நிம்மதியாகிவிட்டார். எங்கே போய் முட்டிக்கொள்ள!

பதினெட்டு முடிந்ததும் ஒருநாள் அவளாகவே ஸ்கூலுக்கு வந்தாள். "அப்பா, எனக்கு கார் ஓட்டக் கத்துக்குடுங்க."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சொந்த வீட்டு ஆட்களுக்குச் சொல்லித்தர மாட்டோம். மனைவிக்குக் கற்றுக்கொடுக்கப் போய் நடுரோட்டில் பேச்சுவார்த்தை அறுந்த மாஸ்டர்களை எனக்கே தெரியும். அதனால் இவர் யோசிக்கவே இல்லை. "அத்தைகிட்ட கத்துக்கோ" என்று என் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் நான் அவளுக்கு அத்தை. அவள் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். அவர் அடுத்த வண்டிச் சாவியை எடுக்கத் திரும்பியிருந்தார்.

என் வண்டியில் ஏறியவள் முதல் கியரை விட்டு மாறவே இல்லை. "ஏன்டி இப்படிப் பயப்படுற? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

"அத்தை, அப்பா வண்டில 'நான் இருக்கேன்ல'ன்னு சொல்வாராமே? என்கூடப் படிக்கிறவ ஒருத்தி சொன்னா. யாரோ வேற ஆளப் பத்திப் பேசுற மாதிரி இருந்துச்சு."

"ஆமா, சொல்வார். அதுக்கென்ன?"

"என்கிட்ட சொன்னதே இல்ல. அதைக் கேக்கத்தான் அவர்கூட வண்டில ஏறணும்னு நெனச்சேன். மத்தபடி லைசன்ஸ் எனக்கு எதுக்கு?"

அந்த லீவு முடிந்தால் அவள் காலேஜுக்காக வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிறவள். அப்புறம் வருவதும் போவதும் விருந்தாளி மாதிரிதான். அதற்குள் இந்த அப்பன் ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் உட்கார வேண்டுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

வண்டி கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "ஏண்ணே, ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பஞ்சு, பெத்த பொண்ணுக்கு மட்டும் முள்ளா?" என்று அவள் சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டேன்.

வெகுநேரம் ஒரே இடத்தையே துடைத்தார். "மத்தவங்க தப்புப் பண்ணா எனக்குப் பயமில்லம்மா. கால் தானா பிரேக்குக்குப் போயிடும். இவ விஷயத்துல எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பயம் வந்தா எனக்குக் கத்தத்தான் தெரியுது."

"அதை அப்படியே அவகிட்ட சொல்லுங்களேன்!"

"அப்பனே பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா, அப்புறம் அவ யாரை நம்புவா?"

அட கடவுளே! பயந்த பிள்ளைக்கு, அப்பாவுக்கும் பயம்தான் என்று தெரிந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும். அதை இந்த மண்டையில் ஏற்ற என்னால் முடியவில்லை.

லைசன்ஸ் டெஸ்ட் அன்று அவள் அழகாக ஓட்டினாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாள், ரிவர்ஸில் கோடு தொடாமல் வந்தாள். கடைசித் திருப்பம்தான் பாக்கி. மதிலோரம் யாரோ நிற்கிறார்களே என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பஞ்சு மாஸ்டர்! வேலையைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார். அவளும் பார்த்துவிட்டாள். வண்டி ஒரு குதி குதித்துக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. ஆபீசர் அடுத்த தடவை வரச் சொல்லிவிட்டார்.

அவள் இறங்கித் தலையைக் குனிந்தபடி நேரே அவரிடம் போனாள். "சாரிப்பா. இங்க வேணாம்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுக்குப் போய்த் திட்டுங்க."

அவர் சாய்ந்த கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அவள் என் வண்டியின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"திட்ட வரலம்மா... சும்மா கூட இருக்கலாம்னுதான்..." என்றார் அவர், என்னைப் பார்த்து.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? போய் அவகிட்ட சொல்லுங்கண்ணே!" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். போனார். பின்கதவைத் திறந்தார். அவள் சட்டென்று மறுபக்க ஓரத்துக்கு நகர்ந்தாள். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, ஸ்டியரிங்கில் ஏறியிருந்த என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "என்னைக் கண்டாலே ஒதுங்குறாம்மா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். நான் வண்டியைக் கிளப்பி இரண்டு பேரையும் வீட்டில் கொண்டுவிட்டேன்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பின காலையில் சொல்லிக்கொள்ள என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. "அப்பா உனக்காகத்தான்டி அன்னிக்கு வந்தார். நீ ஏன் அப்படி விலகிப் போன?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"விலகலயே அத்தை. அவர் பக்கத்துல வந்து உக்காரப் போறார்னு நெனச்சு இடம் விட்டேன்."