பன்னிரண்டு வோல்ட் கேட்ட பம்ப்

என் மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது எல்லை தாண்டி, துவாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குத் திரும்பினேன். எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்தில் விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் ஏறினால், மாலையில் எல்லைப் பாலத்து ஜாமில் ஊர்ந்து வீடு சேர எட்டு மணி ஆகிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையிலேயே ஓர் அறையில் பால் எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு எட்டு மணி வரை ஒன்றும் செய்ய முடியாது, மார்பு கல்லாகிவிடும். இரண்டே வாரத்தில் பால் பாதியாகக் குறைந்தது. எடுக்காவிட்டால், தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பே முடிவு கட்டிவிடுகிறது. இப்படியே போனால் அடுத்த மாதம் வற்றிவிடும் என்று பயந்தேன்.

நாத்தனார் கொடுத்த பால் பம்ப் நல்ல பம்ப்தான். ஆனால் அது சுவரில் செருகுகிற அடாப்டரிலிருந்து பன்னிரண்டு வோல்ட் கேட்கும். பஸ்ஸில் சுவருக்கு எங்கே போவது? கையால் அழுத்தும் பம்ப் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் என் வேலையே மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துப் 'பாஸ்', 'ஃபெயில்' போடுவது. பவர் பேங்க் ஐந்து வோல்ட் தரும். அதைப் பன்னிரண்டாக உயர்த்த விரல் நீளத்தில் ஒரு பூஸ்ட் பலகை போதும். கைபேசியில் ஆர்டர் செய்தேன். வந்ததும் சமையலறை மேசையில் வைத்து, அதிலிருந்த சின்னத் திருகைத் திருப்பினேன். மீட்டர் சரியாகப் பன்னிரண்டு காட்டியது. பெருமை தாங்காமல் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை அக்கா பேக்கிங் பகுதியில் வேலை பார்ப்பவர். அதே பஸ்ஸில் இருபது வருடமாகப் போய் வருகிறார். மறுநாள் மாலை ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பம்பை எடுத்ததும், தன் பையிலிருந்த பூப்போட்ட பாத்தேக் சாரோங் துணியை எங்கள் இருவருக்கும் நடுவே திரையாகக் கட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டேன். பம்ப் இரண்டு முறை முனகியது. பவர் பேங்கின் விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதைதான். பலகையை விற்றவனை வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பம்பை மாட்டியபடியே மீட்டர் வைத்துப் பார்த்தேன். மோட்டார் இழுத்த உடனே பன்னிரண்டு ஏழாகச் சரிந்தது. சரி, கூட்டுவோம் என்று திருகைத் திருப்பினேன். கொஞ்சம் ஏறியது. இன்னும் திருப்பினால் ஏறவில்லை, இறங்கியது! பலகையைத் தொட்டால் சுட்டது. எனக்குக் கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. கூட்டக் கூட்ட ஏன் குறைகிறது? அன்றைக்குச் சாம்பார் அடிபிடித்ததுகூடத் தெரியாமல் அதையே திருப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பலகையில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மின்சாரம் ஒரு கணம் அதில் நிரம்பும், மறு கணம் வெளியே பாயும். வோல்ட் கூட வேண்டுமானால் நிரப்பும் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் நிரம்புகிற நேரத்தில் பம்புக்கு எதுவும் போவதில்லை. நிரப்பும் நேரம் நீள நீள, கொடுக்கும் நேரம் சுருங்குகிறது. போதாக்குறைக்கு, மெல்லிய கம்பிகளில் அத்தனை மின்சாரமும் ஓடிச் சூடாகவே வீணாகிறது. வோல்ட்டைத்தான் உயர்த்தலாம், சக்தியை உண்டாக்க முடியாது. பம்ப் ஓர் ஆம்பியர் கேட்டால், ஐந்து வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய மூன்று ஆம்பியர் கொடுத்தாக வேண்டும். என் பவர் பேங்க் இரண்டோடு கதவைச் சாத்திக்கொள்ளும்.

இது எனக்குத் தெரியாததல்ல, அதுதான் வெட்கம். தொழிற்சாலையில் பலகையை வைத்ததும் சோதனை இயந்திரமே மின்சாரத்தை இழுத்துப் பளுவை ஏற்றிவிடும். நான் பச்சை விளக்கை மட்டும் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில், வீட்டில் எதையும் மாட்டாமல் அளந்து 'பாஸ்' போட்டிருக்கிறேன். சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவ்வளவு பெரிய தாவலைக் கேட்காமல் இருப்பதுதான் வழி. கணவருடைய டிரில் இயந்திரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். அதில் மூன்று செல்கள் வரிசையாக இருப்பதால் பதினொரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும். அங்கிருந்து பன்னிரண்டு ஓரடி தூரம்தான். கம்பியையும் தடிப்பாக, குட்டையாக மாற்றினேன். இந்த முறை பம்பை மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் அளந்தேன். பலகை வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. டிரில் இல்லாமல் திரைச்சீலைக் கம்பியை எப்படி மாட்டுவது என்று கணவர் கேட்டார். மகள் நடக்க ஆரம்பித்ததும் மாட்டலாம் என்றேன்.

பஸ்ஸில் பம்ப் ஒரே சீராக இழுத்தது. ஆனாலும் முதல் நான்கு நாள் பாட்டிலின் அடி நனைந்ததோடு சரி. விடாமல் எடுத்தேன். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, பாலத்தின் நடுவே பஸ் அசையாமல் நின்றிருந்தபோது, பால் மூன்றாவது கோட்டைத் தாண்டியது. என்னையும் மீறி அழுதுவிட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டார். "என்னம்மா, வலிக்குதா?"

"இல்லக்கா. பால் வருது."

அக்கா மெதுவாகச் சொன்னார். "என் ரெண்டு பிள்ளைக்கும் இந்த பஸ்லதாம்மா பால் வத்திப்போச்சு. டிஷ்யூவ வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். யார்கிட்டயும் சொல்ல வெக்கம்லா."

சாரோங்கின் ஓரத்தைத் தூக்கி, இறுக மூடிய பாட்டிலை அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுச் சாவடியில் பஸ் நின்று எல்லோரும் இறங்கும் வரை, அதை மடியில் வைத்துப் பிடித்தபடியே இருந்தார்.