கண்கட்டு அவிழ்த்த நாள்

எங்கள் பக்கத்தில் ஏழைக்குக் கண் தெரியாவிட்டால் அதற்குப் பெயர் நோயில்லை, வயசு. திருப்பாச்சூரை அடுத்த எங்கள் ஊரில் அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டார்கள். ஐம்பதைக்கூடத் தொடாதவளுக்கு என்ன வயசு? எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. இடது கண் முழுதாகப் போய், வலது கண்ணிலும் புரை மூடிக்கொண்டு வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். கூட ஓர் ஆள் போகவேண்டும், பத்து நாள் தங்கவேண்டும். அப்பாவும் இல்லாத வீட்டில், நடவு நேரத்தில் யாரால் முடியும்?

எழுபதுகளில் ஒருநாள் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். திருவள்ளூர் பள்ளிக்கூடத்தில் கண் முகாம், ஆபரேஷன் இலவசம், சாப்பாடும் அங்கேயே. அம்மா பயந்தாள். இருக்கிற ஒரு கண்ணும் போய்விட்டால்? பிள்ளையில்லாமல் எங்களோடு இருந்த பெரியம்மாதான், அம்மாவின் அக்கா, பிடித்துத் தள்ளினாள். "போய்க்கினு வாடி. ஊட்ட நான் பாத்துக்கறேன்."

ஆபரேஷன் முடிந்து, வகுப்பறையில் பாய் போட்டு, இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கவைத்தார்கள். துணைக்கு நான் கூட இருந்தேன். குனியக்கூடாது, இருமக்கூடாது, முக்கியமாக அழக்கூடாது, தையல் விட்டுப்போகும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் தம்பி வந்து என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியம்மா எழுந்திருக்கவேயில்லையாம். அம்மாவை விட்டு நான் எப்படிப் போவது? எங்களைத் தூக்கி வளர்த்தவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடப் போகவில்லை. மூக்கை உறிஞ்சினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா இன்னாடி பண்ணுது?" என்று கேட்பாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீது" என்பேன். பாவி நான், தினமும் ஒரு பொய்.

கட்டு அவிழ்க்கும் நாளன்று தம்பி வந்தான். பெரியம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். மொட்டைத் தலை தெரியாமல் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான்.

டாக்டர் அம்மாவுக்குத் தடித்த கண்ணாடியை மாட்டி விரலைக் காட்டினார். "எத்தனை?"

"ரெண்டு."

"இது?"

"நாலு, சாமி!" அம்மா சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் தம்பியிடம் திரும்பி, "நீதான் பையனா?" என்றார். பெரிய மனுஷர் பேச்சுக் கொடுத்தால் எங்கள் ஆட்களின் கை தானாகத் தலைத்துண்டுக்குப் போய்விடும். தம்பியும் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றான்.

அம்மா அவன் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஐயோ, அப்போது நான் எங்கே போய் ஒளிவேன்? திறந்த வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் பாயைப் பற்றிக்கொண்டு கூரையையே பார்த்தாள்.

"இன்னும் எத்தினி நாளு அழக்கூடாது, சாமி?"

"ஒரு மாசம்மா" என்றார், ஒன்றும் புரியாமல்.

அந்த ஒரு மாசமும் அம்மா பெரியம்மா பேச்சையே எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் விடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக மாடத்தில் வைத்தாள். முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நீயும் அழவேயில்லையே. இப்ப வாடி."