அமளியில் எழுதிய மூன்று வரிகள்

மேலவை உறுப்பினர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'குனிந்த தலை'. அவைத்தலைவரின் இருக்கைக்குக் கீழே இருந்த மேசை முன் அமர்ந்து, பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பது அவள் வேலை. குரலைக் கொண்டே ஆளை அறிவாள். எவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். நிமிர்ந்தால் ஒரு சொல்லாவது தவறும் என்பது அவளது கொள்கை. அதே அவையில் காவலனாக இருந்த அவளுடைய தம்பி, "மாமா மூஞ்சியையே எங்கக்கா கல்யாணமாகி ஒரு வாரம் கழிச்சுத்தான் பாத்தா" என்று கேலி பேசுவான்.

அன்று பேசிக்கொண்டிருந்தவரைத் 'தேன்வாயர்' என்பார்கள். அவருடைய பேச்சுத் தொகுதிகளில் கடுஞ்சொல் ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. நேரம் முடிந்து ஒலிவாங்கி அணைக்கப்பட்டதும் அவருக்குச் சினம் தலைக்கேறியது. ஒலிவாங்கியின் இரும்புத் தண்டைப் பிடுங்கிக்கொண்டு தலைவரை நோக்கிப் பாய்ந்தார். குறுக்கே புகுந்த காவலனை மண்டையில் அடித்து வீழ்த்தி, விழுந்தவன் முகத்தில் மாறி மாறிக் குத்தினார்.

அமளியின்போது தலைவரின் பேச்சை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. அவள் எழுதினாள்: 'உறுப்பினரே, கம்பியைக் கீழே போடுங்கள். காவலர் உங்களைத் தொடவே இல்லை. அவர் கண்ணில் குத்தாதீர்கள்.' தாளில் இரத்தம் தெறித்தது. புறங்கையால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அவை ஒத்திவைக்கப்பட்ட பிறகே நிமிர்ந்தாள். மேசைக்கால் அருகே முகம் சிதைந்து கிடந்தவன் அவளுடைய தம்பி.

கூச்சல் எழுந்தவுடன் படப்பதிவை நிறுத்திவிடுவது அவை வழக்கம். தலைவரும் மற்ற உறுப்பினர்களும், பதற்றத்தில் எதையும் கவனிக்கவில்லை என்று நழுவிக்கொண்டார்கள். ஆகவே, காவலன்தான் முதலில் கழுத்தை நெரித்தான் என்று தேன்வாயர் கொடுத்த புகார் எடுபட்டது. ஒரு கண்ணை இழந்து மருத்துவமனையில் கிடந்த தம்பியைக் கட்டிலிலேயே கைதுசெய்தார்கள்.

தம் பேச்சின் படியைப் பார்த்துச் சொற்பிழை திருத்திக்கொள்ள உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. அந்தச் சாக்கில் மறுநாள் அவள் அறைக்கு வந்த தேன்வாயர், கதவைச் சாத்திவிட்டு, தலைவரின் அந்த வரிகளை அடித்துவிடச் சொன்னார்.

"உங்க பேச்சை நீங்க திருத்தலாங்கய்யா. தலைவர் பேச்சுல கை வைக்க முடியாது."

"உன் கையில வைக்கலாமில்ல?"

அவளுடைய வலக்கையை மேசை இழுப்பறைக்குள் அழுத்தி, அதைக் காலால் உதைத்து மூடினார். விரல்கள் முறிந்தன. அவர் மீண்டும் உதைத்தார். அந்த வரிகள் இருந்த தாள் காலையிலேயே அச்சுக்குப் போய்விட்டது என்பதை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

அச்சான வரிகளைப் படித்த நீதிபதி தம்பியை விடுவித்தார். செய்தி சொல்ல மருத்துவமனைக்குச் சென்றவளை அவன் ஒற்றைக் கண்ணால் ஏறிட்டுப் பார்த்தான்.

"நான் கத்தினது உனக்குக் கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சுடா. தலைவர் குரல் இல்லைன்னு விட்டுட்டேன்."

அவள் போர்வையை இழுத்துவிட முனைந்தாள். கட்டுப்போட்ட அந்தக் கையை அவன் ஓங்கித் தட்டிவிட்டான்.