கவிழ்த்தாலும் விழாத தயிர்

லண்டனில் இருக்கும் தங்கச்சிக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்திருந்தது. நோய் அடங்கிவிட்டது, பசி மட்டும் திரும்பவில்லை. எதை வைத்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை என்று அவளுடைய புருஷன் தொலைபேசியில் சொன்னார். இப்படியே போனால் மறுபடி ஆஸ்பத்திரியில் போட்டு மூக்கால் குழாய் விட வேண்டிவருமாம். அவளாக வாய் திறந்து கேட்டது ஒன்றுதான், ஊர் எருமைத் தயிர்.

நான் புளியந்தீவில் அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்ப்பவன். விதிகளை வாசிப்பதே பிழைப்பு. அவளைப் பார்க்கப் பயணம் சரிவந்ததும், கைப்பைக்குள் என்ன கொண்டுபோகலாம், என்ன கூடாது என்று விமான நிறுவனம் அனுப்பியதை வரி வரியாக ஆறுதலாக வாசித்தேன். கத்தரிக்கோல், சவர அலகு, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டிக்குப் போயின. தேன் போத்தலும் அங்கேதான். தயிரை மட்டும் கைப்பையில் வைத்தேன். பெரிய பெட்டியைத் தூக்கி எறிவார்கள், மண்சட்டி தாங்காது. நூறு மில்லிலீட்டருக்கு மேல் திரவம் கூடாது என்று எழுதியிருந்தது உண்மை. ஆனால் தயிர் எங்கே திரவம்? எங்கள் பக்கத்தில் சட்டியைக் கவிழ்த்துக் காட்டாத வியாபாரியிடம் யாரும் தயிர் வாங்குவதில்லை. கரடியனாற்றில் நான் வாங்கியதும் அப்படிப் பார்த்துத்தான்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடைசிச் சோதனையில் என் பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். சட்டியை வெளியே எடுத்தவள் ஓர் இளம் உத்தியோகத்தர். பேச்சைக் கேட்டதும் எங்கள் ஊருக்குக் கிட்ட, ஏறாவூர்ப் பக்கம் என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“அண்ணன், இது ஏலா. தயிரும் தண்ணிக் கணக்குத்தான்,” என்றாள்.

“தண்ணியா? இஞ்ச பாருங்க புள்ள.”

மேலே கட்டியிருந்த கடதாசியை அவிழ்த்துச் சட்டியை அவளுக்கு முன்னால் கவிழ்த்தேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் பாய்ந்து விலகினார். ஒரு சொட்டு விழவில்லை.

“நல்ல தயிர்தான்,” என்றாள் அவள். “எங்கட வீட்டயும் கவிழ்த்துப் பாத்துத்தான் வாங்குற. ஆனா இஞ்ச அந்தக் கணக்கு இல்ல. நான் விட்டாலும் அங்க இறங்கினா எடுத்துப் போடுவாங்க.”

“மறுகா என்ன செய்யுற?”

“அந்தா, அந்தத் தொட்டிக்குள்ள போடுங்க. இல்லாட்டி இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

கோபம்தான். அவள் மேல் அல்ல. தயிர் என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் அந்த நிறுவனத்துக்கு என்ன குறைந்துபோகும்? குப்பையில் போட மனம் வராமல் ஒரு கதிரையில் சட்டியோடு உட்கார்ந்து தங்கச்சிக்கு அழைத்தேன்.

“தயிரப் புடிச்சிட்டாங்க புள்ள.”

“எறிஞ்சிராதீங்க அண்ணன். நீங்க தின்னுங்க. எப்படி இருக்கெண்டு சொல்லுங்க,” என்றாள்.

கையால் அள்ளித் தின்றபடி சொன்னேன். ஆடை நல்ல தடிப்பு. புளிப்பு இன்னும் ஏறவில்லை. அடியில் லேசாகப் புகை மணம். அவள் விடவில்லை. கட்டி உடையுதா, வழுக்குதா, நாக்கில் எண்ணெய் ஒட்டுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். நான் வேகமாகத் தின்றேன். சட்டியின் அடியை விரலால் வழிக்கும்போது அவள் குரல் மாறியது.

“அண்ணன், எனக்குப் பசிக்குது. கொஞ்சம் வச்சிருங்க.”

வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஓம், வைக்கிறன் என்றேன்.