கை என்ன எடை?

தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘சரியாயிடும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட் அறுந்தாலும் மோட்டார் புகைந்தாலும், பழுது பார்க்க வரும் ஃபிட்டரான அவர் முதலில் சொல்வது அந்தச் சொல்லைத்தான். சொன்னபடி பாதி சரியாகும். மீதிப் பாதியை ஆட்கள் மறந்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்து நல்ல பேர் இப்படிச் சேர்ந்ததுதான்.

மனைவிக்கும் அங்கேயே வேலை. பெயிண்ட் அடித்த மின்விசிறி இறக்கைகள் பெரிய அடுப்புக்குள் காய்ந்து, தட்டுத் தட்டாக மறுபக்கம் வரும். ஒரு தட்டு நாலு கிலோ. தூக்கிப் பக்கத்து மேடையில் வைக்க வேண்டும், நிமிடத்துக்கு மூன்று. பதினோரு வருடம் தூக்கியதில் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. தலை வாரக்கூடக் கை எழும்பாது. காலையில் அவர்தான் வாரிவிடுவார். “செயினுக்கு கிரீஸ் போடற மாதிரியே இருக்கு உங்க கை” என்பாள்.

தட்டு தூக்க ஒரு இயந்திரக் கை செய்து தருவதாகவும், அவள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் மேனேஜரிடம் சொன்னார். வெளியில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று மேனேஜருக்குத் தெரியும். ஒரு பழைய ஸ்கூட்டரின் விலையை ஒதுக்கினார்.

“இதுக்கு மேல கேட்டீங்கன்னா கையை விரிச்சிடுவேன். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை, காலைல எட்டு மணிக்கு ஓட்டிக் காட்டுங்க. ஓடலன்னா, தூக்க முடியாத ஆளை நான் வச்சிருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

நியாயமான மனிதர்தான். நியாயமானவர்களிடம் கெஞ்சவும் வழியில்லை.

மகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டுப் புத்தகத்தில் வரைந்தார். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் உடைத்த கார்களின் வைப்பர் மோட்டார். தட்டைப் பிடிக்க மூன்று இரும்பு விரல். எல்லாச் சுமையும் கடைசியில் தோளுக்குத்தான் வந்து சேரும் என்பதால், கொடுத்த தொகையில் முக்கால்வாசியைத் தோள் மோட்டாருக்கென்று தொடாமல் வைத்திருந்தார். இரும்பு வேலையை மைத்துனனிடம் கொடுத்தார். அவன் ஊரின் மறுகோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான்.

மோட்டார் வாங்கப் புறப்பட்ட அன்று அவனுக்குப் போன் செய்தார்.

“மச்சான், கை என்ன எடை வந்துச்சு?”

“ரெண்டேகால் கிலோ மாமா. தராசுல வச்சே பாத்துட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“நம்ம வேலைன்னா சும்மாவா?”

அவர் நாலு கிலோவுக்குக் குறையாது என்று நினைத்திருந்தார். மெல்லிய குழாய் போட்டிருப்பான் என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். நல்ல செய்தியை யாரும் இரண்டாம் முறை தராசில் வைப்பதில்லை. அந்தக் கணக்குக்கு ஏற்ற மோட்டாரைக் கியர் பெட்டியோடு பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கினார். ஒதுக்கிய பணம் அதோடு தீர்ந்தது. “வித்தது வித்ததுதான். திருப்பி வராதீங்க” என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. அவரும் மனைவியும் மைத்துனனுமாக அடுப்பின் முன்னால் கையைப் பூட்டினார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்விட்சைப் போட்டார். கை நீண்டது, தட்டைப் பிடித்தது. தோள் மோட்டார் முனகியது. தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டை எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டிப் பார்த்தார். ஒரு சாண் எழும்பியது, நின்றது, மெதுவாகத் தாழ்ந்தது.

“மச்சான், கை என்ன எடைன்னு சொன்ன?”

“ரெண்டேகால்.”

“முழுசா?”

“முழுக் கையும்தான் மாமா.” மைத்துனன் உள்ளங்கையை விரித்து, விரல்களை மடக்கிக் காட்டினான். “இது. புடிக்கற எடம்.”

“அப்ப இது?” அவர் தோளிலிருந்து மணிக்கட்டுவரை தடவிக் காட்டினார்.

“அது தண்டு. தண்டைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே.”

கழற்றி எடை போட்டார்கள். தண்டும் விரலுமாக ஒன்பதரைக் கிலோ.

கை வலிக்கிறது என்றால் தோள்வரை வலிக்கிறது. கை கழுவு என்றால் மணிக்கட்டோடு சரி. நாற்பத்தேழு வருடமாக அந்த ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்லி அவருக்கு ஒரு நட்டமும் வந்ததில்லை. தோள் நன்றாக இருக்கும்வரை தன் கைக்கும் ஓர் எடை உண்டு என்பது யாருக்கும் தெரிவதில்லை. அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளைக் கேட்கவில்லை.

“சரியாயிடுமா?” என்றாள் அவள். அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

தோளுக்குப் பின்பக்கம் எடை கட்டித் தொங்கவிட்டால் தராசுபோல் சமன் ஆகும். பின்னால் தூண் இருந்தது. ஒரு முழம்கூட இடமில்லை. தண்டை அறுத்துக் குட்டையாக்கினால் தட்டு எட்டாது. “அலுமினியம் போட்டுடலாமா மாமா?” என்றான் மைத்துனன். “எதை வச்சு? உன் மூஞ்சிய வச்சா?” என்று சீறினார். அவன் தலைகுனிந்து வெளியே போனான். சிறிது நேரத்தில், தன் பைக்கின் பின்சக்கரத்து ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அவற்றைத் தூணுக்கும் தண்டுக்கும் நடுவில் இழுத்து மாட்டினார்கள்.

கை தட்டோடு துடித்தது. கிளம்பவில்லை. பாதி உயரத்தில் வைத்து விட்டால் மேலே போனது. நீட்டிப் படுத்திருக்கும் அந்த முதல் ஒரு சாணைத்தான் தாண்ட முடியவில்லை. பத்து முறை ஓட்டினார். மோட்டார் சுட ஆரம்பித்தது. அவர் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு போய் ஸ்விட்சைப் போட்டு, இடது கையின் நாலு விரலைத் தண்டுக்கு அடியில் கொடுத்து ஒரு உந்து உந்தினாள். கை எழுந்தது. தட்டை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

“கிளம்பறதுக்குத்தான் கஷ்டம் இதுக்கு” என்றாள். “உங்களை மாதிரியே.”

யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேனேஜர் கடிகாரத்தோடு வந்தார். நிமிடத்துக்கு மூன்று, தப்பவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் இடது கை அடியில் போய் வந்தது.

“கையை எதுக்கும்மா குடுக்கறீங்க?”

“சூடான தட்டு சார். ஆடக் கூடாதுல்ல.”

மேனேஜர் அவளைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், ஃபிட்டரைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. “சரி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆள்” என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நிலைத்தது.

அன்று மாலை மைத்துனன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “எப்படிக்கா ஓடுது?” என்று கேட்டான்.

“பதினோரு வருஷம் தட்டுக்குக் கை குடுத்தேன். இப்ப கைக்கே கை குடுக்கறேன்” என்றாள்.

ஃபிட்டர் கணக்குப் போட்டிருந்தார். மணிக்கு நூற்றெண்பது உந்து. ஒரு உந்து ஒரு கிலோ இருக்கும், தட்டைவிட லேசுதான். ஆனால் அது இடது தோள். வேறு தோள் கிடையாது. பெரிய மோட்டாருக்கு மேனேஜர் ஏற்கெனவே கையை விரித்தாயிற்று.

மறுநாள் காலை, தலை வாரி முடித்ததும், அவளுடைய இடது தோளைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“இங்க வலிக்குதா?”

“இல்ல.”

தினமும் கேட்டார். தினமும் “இல்ல” என்றாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், சற்று யோசித்துவிட்டு, “இன்னும் இல்ல” என்றாள்.

அவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதன் எடை தெரிந்தது.